முக்கில் திருப்பிய பாடை

உயிரோடு இருந்த அருஞ்சுனையை நான் முறைப்படி சங்கு ஊதிக் காட்டுக்கு அனுப்பி வைத்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று சாயங்காலத்திலிருந்து அவனுக்குத் தன் வீட்டுக்குப் போகும் வழி இல்லாமல் போயிற்று. வெள்ளூரணியில் இதைப் பற்றிப் பல பேர் பல மாதிரி சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத்தான் பாத்தியதை உண்டு. செய்தவன் நான். ஊர் சிரித்ததும் என்னைப் பார்த்துத்தான்.

என் பெயர் சொரிமுத்து. நாற்பத்தொரு வருஷமாகச் சாவு வீட்டில் சங்கு ஊதுகிறேன். கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை, காலையில் எதிரே வந்தால் செருப்பு மாட்டுகிற சாக்கில் திரும்பி நின்றுகொள்வார்கள், ஆனால் வீட்டில் ஒரு உயிர் போய்விட்டால் டாக்டருக்கு அடுத்தபடி எனக்குத்தான் போன் வரும். சங்கு ஊதுகிறவன் பாடைக்கு முன்னால் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் மூச்சு பிசகிவிடும். ஆயிரக்கணக்கான பேரை அனுப்பி வைத்திருக்கிறேன், ஒருவர் முகத்தையும் பாடையில் வைத்துப் பார்த்ததில்லை.

மூணு ரோட்டு முக்கு வந்ததும் பாடையை இறக்கி, இடமாக மூன்று சுற்றுச் சுற்றி, தலைமாட்டைக் கால்மாடாக்கித் தூக்குவோம். செத்தவருக்கு வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியக் கூடாது என்பதற்காகச் செய்வது. சுற்றும்போது நான் வாய்க்குள் சொல்வேன்: உன் தெரு உனக்கில்லை, உன் வாசல் உனக்கில்லை, வந்த வழி மறந்து போ. சொல்லிவிட்டு ஒரே மூச்சில் நீளமாக ஊதுவேன். அதோடு முடிந்தது, அதற்கப்புறம் யாரும் வந்ததில்லை.

அருஞ்சுனையும் அவன் கூட்டாளிகளும் போனில் படம் போடுகிறவர்கள். அவர்கள் சேனலுக்கு 'சேட்டை முக்கு' என்று பெயர். ரேஷன் கடை வரிசையில் ரப்பர் பாம்பை விடுவார்கள், ஓடுகிற பொம்பளைகளைப் படம் எடுப்பார்கள். அருஞ்சுனை பஸ் கூரையிலிருந்து சாணிக் குப்பையில் குதிப்பான், பின்னால் பட்டாசைக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் சைக்கிள் விடுவான், மிளகாய்ப் பொடியைக் கண்ணில் போட்டுக்கொண்டு உருளுவான். பயம் கிடையாது, வெட்கம் கிடையாது. ஊர் சிரித்தது. அடுத்தவன் விழுகிறவரை எல்லாமே நல்ல வேடிக்கைதான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. கிணற்றுத் தெருவில் சின்ன வயசுப் பையன் ஒருத்தன் பைக்கில் விழுந்து போய்விட்டான், காலையில் பத்து மணிக்கு எடுக்கிறோம் என்று ஒரு குரல் அழுதுகொண்டே சொன்னது. அது அவன் கூட்டாளி டைட்டஸ், படம் பிடிக்கிறவன். செத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

புதன்கிழமை தெருமுனையில் பாடை தயாராக இருந்தது. நான் முன்னால் நின்று ஊதிக்கொண்டே நடந்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. துக்கத்தில் சில பேருக்குச் சிரிப்பு வரும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். நான் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் பிணம் எழுந்து உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு டாட்டா காட்டியதும், வாய்க்கரிசியைத் துப்பியதும், சோடா வாங்கிக் குடித்ததும், நான் தலையைக் குனிந்து ஊதுகிற மாதிரியே ஊதிக் காட்டியதும் எனக்குத் தெரியாது. முக்கில் நின்றேன். இறக்கச் சொன்னேன். மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பையனின் தாய்க்காக நெஞ்சில் ஒரு கனத்தோடு, சொல்ல வேண்டியதைச் சொல்லி ஊதினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"பெருசு, தொண்டை காயுது. ஒரு டீ சொல்லேன்."

தாடைக்கட்டும் நெற்றியில் காசுமாக முகம். நான் ஓடினேன். டீக்கடை மூக்காண்டியின் பெஞ்சில் வேட்டி மாட்டி அவிழ்ந்து அங்கேயே நின்றுகொண்டது. கோடு போட்ட டிராயரோடு போய்ச் சாக்கடையில் விழுந்தேன். விழும்போதும் சங்கு உடைந்துவிடக் கூடாதே என்று அதை மட்டும் இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்திருந்தேன். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு சேவல் கூவுகிற சத்தம் வைத்தார்கள். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அருஞ்சுனை கிணற்றுத் தெருவுக்குள் நுழைந்து, நீலக் கேட்டைத் தாண்டி, அடிபம்பைத் தாண்டி, தன் வீட்டு வாசலில் கால் வைத்தான். வைத்த கால் மூணு ரோட்டு முக்கில், மூக்காண்டி கடைக்கு முன்னால் இருந்தது. மறுபடி போனான். மறுபடி முக்கு. ஏழு தடவை போனான். எட்டாவது தடவை மூக்காண்டி கூப்பிட்டார்.

"ஏலே, நடந்து நடந்து எதுக்கு வாரே? உக்காந்து ஒரு டீ குடி."

"வீடு வர மாட்டேங்குது அண்ணாச்சி."

"காலையில நீதானே டீ கேட்டே. இந்தா, சொன்ன டீ."

ஊர் இதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை வருவதையும் கரண்ட் போவதையும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான் எடுத்துக்கொண்டது. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், ஆட்டோ தெருவுக்குள் போய் முக்கில் வெளியே வந்தது. கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள், தண்ணீர் லாரிக்குள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மதுரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள், டிக்கெட் கிழித்த கையோடு அவன் முக்கில் இறங்கினான். ஆட்டோக்காரர்கள் கூடிப் பேசி, அருஞ்சுனையை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள், டீசல் வீண். அவன் அம்மா உச்சினி வேளாவேளைக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். தபால்காரர் அவன் பெயருக்கு வந்ததை முக்கிலேயே கொடுத்தார். அருஞ்சுனைக்கும் முதலில் குஷிதான். டைட்டஸை வரச் சொல்லி, தெருவுக்குள் போவதையும் முக்கில் வெளிவருவதையும் படம் எடுக்கச் சொன்னான். படத்தில் அவன் முக்கில் சும்மா நிற்பது மட்டும்தான் விழுந்தது. "இதுல என்னடா காமெடி, சும்மா நிக்கான்?" என்று வெளியூர்க்காரர்கள் எழுதினார்கள்.

நான் எதிர்ப்பக்கம் இருந்த சைக்கிள் கடைப் பலகையில் தினமும் போய் உட்கார்ந்தேன். ஒளிப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அந்தச் சந்தோஷமும் போயிற்று. ரைஸ் மில் மேஸ்திரியின் மகள், பத்தொன்பது வயது, மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். கூப்பிட்டார்கள், போனேன். வாசலில் நின்று சங்கை வாயில் வைத்து முதல் மூச்சு விட்டேன். கூட்டத்தில் எவனோ கொக்கரித்தான், படத்தில் வந்த சேவல் மாதிரி. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அவனை அறியாமல் வந்துவிட்டது. அவ்வளவுதான், பந்தல் முழுவதும் சிரித்தது. அந்தப் பிள்ளையின் அண்ணன், தங்கச்சியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தான், சிரிக்கிற தன் வாயைத் தானே அறைந்தான், அறைந்துகொண்டே சிரித்தான். மேஸ்திரி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். "போயிருங்க சொரிமுத்து. கையெடுத்துக் கும்பிடுதேன்" என்றார். அந்தப் பிள்ளை போன பாதையில் செல்போனில் யாரோ பதிந்து வைத்திருந்த சங்குச் சத்தத்தை வைத்துக் கொண்டுபோனார்கள்.

நாற்பத்தொரு வருஷத்தில் எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று. நான் ஊதினால் ஊர் அழும். இப்போது நான் ஊதினால் ஊர் சிரித்தது.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் நடந்தது. காலையில் கண் விழித்த அருஞ்சுனை முக்கில் இல்லை. காட்டுக்குப் போகும் மேற்கு ரோட்டில், ரைஸ் மில் வாசலில் கிடந்தான். முக்குக்கு நடந்து பார்த்தான், கால் மில் வாசலுக்கே திரும்பியது. ஒன்பதாம் நாள் ஓடைப்பாலம். பதினொன்றாம் நாள் கருவேலங்காடு. தெரு போய், முக்கு போய், அவனுக்குப் பின்னால் ரோடு அடைத்துக்கொண்டே வந்தது, முன்னால் சுடுகாடு மட்டும் திறந்திருந்தது. பதினாறாம் நாள் கருமாதி. அன்று உச்சிக்கு அவனுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை.

அவன் அந்தப் படத்தை அழித்துவிட்டான். அழித்து என்ன, அது எல்லோர் போனிலும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஊரில் நாலு பெரிய மனிதர்கள், மூக்காண்டி, டைட்டஸ் எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுக்குள் அவர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"கட்டினவுகதான் அவுக்கணும் சொரிமுத்து அண்ணாச்சி. மனசு வையுங்க" என்றார் மூக்காண்டி.

"படத்தைப் பார்த்துச் சிரிச்சீங்களா?"

"சேச்சே, நாங்க எதுக்குச் சிரிக்கோம்?"

"நீங்க?" என்று அடுத்தவரைக் கேட்டேன்.

"நான் போனே வச்சிருக்கல" என்றார் ஒருவர். அவர் சட்டைப் பையில் அது முழித்துக்கொண்டு நின்றது. டைட்டஸ் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப யாருமே சிரிக்கலைன்னா எனக்கு என்ன அவமானம்? அவுக்குறதுக்கு என்ன இருக்கு? போங்க" என்று கதவைச் சாத்தினேன்.

பதினான்காம் நாள் மத்தியானம் உச்சினி வந்தாள். காட்டில் மகனுக்குச் சோறு கொடுத்துவிட்டு, காலில் சாம்பல் ஒட்டியிருக்க, காலித் தூக்குச்சட்டியோடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, மகனுக்காகக் கேக்க வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன். அந்தப் படத்தை நானும் பாத்தேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ஒரு தரம் இல்ல, அஞ்சாறு தரம். சாக்கடையில சங்கைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு விழுந்தீகள்ல, அந்த இடம் வாரதுக்கு முந்தியே சிரிக்க ஆரம்பிச்சிருவேன்."

"அதை எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்லுதே?"

"என் வீட்டுக்காரருக்கு ஊதினது நீங்க. ஒன்பது வருஷமாச்சு. அன்னைக்கு எனக்கு அழுகையே வரல, கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். நீங்க வாசல்ல நின்னு ஊதினீக, அப்பத்தான் உடைஞ்சு அழுதேன். அந்த மனுசனைப் பாத்தா சிரிச்சோம்னு முந்தாநேத்துச் சோறு வடிக்கையில உறைச்சுது. கை சுட்டுக்கிட்டேன்."

கையைக் காட்டினாள். கொப்புளமாக இருந்தது. திரும்பி நடந்தாள்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் நான் சொன்னேன்: "நாளன்னைக்குக் காலையில அதே பாடையைக் கட்டச் சொல்லு. அதே நாலு பேர் தூக்கணும். ஒருத்தர் கையிலயும் போன் இருக்கக் கூடாது."

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியாது. பாடையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவருகிற முறை எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. நானாக யோசித்துத்தான் செய்தேன். ஊரே விளையாடியபோது நான் ஒருவன் விளையாடவில்லை, அதனால்தான் முடிச்சு விழுந்தது. அப்படியானால் அவிழ்க்கும்போது ஒருவர்கூட விளையாடக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் கட்டியதைப் பார்த்துக்கொண்டே அவிழ்க்க வேண்டும். பாடை பின்னால் வர, நான் முன்னால், பின்புறமாக நடந்து, அவன் முகத்தைப் பார்த்தபடி ஊதிக்கொண்டு வர வேண்டும். வழியில் ஒரு ஆள் சிரித்தாலும் அவன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

இதை மூக்காண்டி கடை வாசலில் நின்று ஊருக்குச் சொன்னபோதே இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, முகம் வெளுத்துப் போய் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள், வியாழக்கிழமை. வீட்டுக்கு வீடு போன்களைக் கொண்டுவந்து மூக்காண்டி கடைப் பால் கேனில் போட்டார்கள். நான் காட்டுக்குப் போனபோது அருஞ்சுனை எரிமேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கம் எட்டு அடி, இந்தப் பக்கம் எட்டு அடி, அவ்வளவுதான் அவனுக்கு நடக்க இடம் இருந்தது. மெலிந்திருந்தான். பெருசு என்று கூப்பிடவில்லை. அவனே தாடையைக் கட்டிக்கொண்டான். கால் கட்டைவிரலை டைட்டஸ் குனிந்து கட்டிவிட்டான்.

தூக்கினார்கள். சங்கை இரண்டு கையாலும் பிடித்தேன். பின்புறமாக முதல் அடி வைத்தேன்.

நாற்பத்தொரு வருஷத்தில் பாடையில் நான் பார்த்த முதல் முகம், நான் இந்த உலகத்தில் ரொம்ப வெறுத்த முகமாக இருந்தது. நெற்றியில் அதே காசு. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவன் விசும்பாமல் இருக்க மூச்சைப் பிடித்திருப்பது வயிற்றில் தெரிந்தது. கருவேலங்காடு போயிற்று. ஓடைப்பாலத்தில் கல் தடுக்கித் தள்ளாடினேன், கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்தது. அந்தப் பாலத்தின் மேல்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. என் உதடு சங்கில் இருக்கிறது. நான் ஒரு தடவை சிரித்தால் போதும். யாருக்கும் தெரியாது. தப்பு ஊர் மேல் போய்விடும். அவன் காட்டிலேயே கிடப்பான், மேஸ்திரி மகளுக்குப் பக்கத்தில்.

உச்சினி பாடையோடு வரவில்லை. பாடைக்குப் பின்னால் பெண்கள் வரக் கூடாது. அவள் முக்கில் நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். முக்கு எனக்கு முதுகுப்பக்கம் இருந்தது. நான் ஊதினேன். ரைஸ் மில் போயிற்று. மில் வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார், அவர் மகன் நின்றிருந்தான். அவன் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

முக்குக்குப் பத்தடி இருக்கும்போது என் குதிகால் வேட்டி நுனியில் ஏறியது. அடுத்த அடியில் இடுப்பில் இளகுவது தெரிந்தது. அதற்கடுத்த அடியில் வேட்டி விழுந்தது.

இரண்டு கையும் சங்கில். கையை எடுத்தால் ஊதுவது அறுந்துபோகும். எடுக்காவிட்டால் ஊர் முன்னால், அதே இடத்தில், அதே கோடு போட்ட டிராயர். புதுசு வாங்கியிருக்கவில்லை, இருந்ததில் அது ஒன்றுதான் நல்லதாக இருந்தது.

கையை எடுக்கவில்லை. ஊதினேன்.

கூட்டத்தைப் பார்த்தேன். எங்கிருந்தாவது அந்தச் சேவல் கூவும் என்று காத்திருந்தேன். மூக்காண்டி தோள்துண்டை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார், கண் பிதுங்கியது. கிணற்றுத் தெருப் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். டைட்டஸ் தோள் குலுங்கியது. போச்சு என்று நினைத்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். அப்புறம், மில் வாசலிலிருந்து கூடவே வந்திருந்த மேஸ்திரி மகன் துண்டை எடுத்தான், வாய் திறந்தது, வந்தது ஒரு அழுகை. அன்றைக்குத் தங்கச்சிக்கு அழ முடியாமல் போன அழுகை. அதைக் கேட்டு இன்னொருத்தி அழுதாள். அவளைக் கேட்டு இன்னொருத்தி. முக்கு முழுவதும் அழுதது. நான் டிராயரோடு நின்று, என் மூச்சு தீருகிற வரைக்கும், அதற்கப்புறமும் ஊதினேன்.

"இறக்கு" என்றேன். "வலமா மூணு சுத்து."

உன் தெரு உனக்கு உண்டு. உன் வாசல் உனக்கு உண்டு. வந்த வழி நினைச்சுக்கோ. வாய்க்குள் சொல்லாமல் சத்தமாகவே சொன்னேன், என் குரலில் வேண்டாவெறுப்பு இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

தூக்கிக்கொண்டு கிணற்றுத் தெருவுக்குள் நுழைந்தார்கள். நீலக் கேட் வந்தது. அடிபம்பு வந்தது. தூக்கியவர்கள் நாலு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கடைசி அடி வைத்தார்கள். கண்ணைத் திறந்தபோது அவன் வீட்டு வாசல் இருந்தது. அருஞ்சுனை எழுந்து, கால் கட்டு அவிழ்க்காமல் தத்தித் தத்தி உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டான். தத்திப் போனது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

உச்சினி முக்கிலிருந்து என் வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். உதறி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். கட்டிக்கொண்டேன்.

மறுவாரம் தபால்காரரின் தாயார் போனார். என்னைக் கூப்பிட்டார்கள். ஊதினேன், அழுதார்கள்.

அருஞ்சுனை இப்போது செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். என் சங்குச் சத்தம் எங்கே கேட்டாலும் போட்டது போட்டபடி எழுந்து நிற்பானாம், பாடை முக்கைத் தாண்டுகிற வரை உட்கார மாட்டானாம். மூன்று தடவை என் வீட்டுக்கு வந்து காலில் விழுந்தான். மூன்று தடவையும் காலை இழுத்துக்கொண்டேன். நான் அவனை மன்னித்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. உச்சினிக்குச் செய்தது வேறு, அவனுக்குச் செய்யாதது வேறு.

நான்காவது தடவை வந்தபோது ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன். என் பாடையைத் தூக்கும் நாலு பேரில் நீ ஒருத்தன். எனக்கு ஊத ஆள் இருக்காது, பரவாயில்லை. ஆனால் முக்கில் இறக்கி மூன்று சுற்றும் முழுசாகச் சுற்று, அரைச் சுற்றுகூடக் குறைக்காதே. நீ இருக்கிற ஊருக்கு எனக்கு வழி தெரியக் கூடாது.